கை என்றால் கோழி

கௌலூன், ஹாங்காங்
20 ஜனவரி 1980

அன்புள்ள அக்காவுக்கு ஜைனம்பு ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்களுக்கு எழுதிப் பத்து மாதமாகிறது. என் பெயரைப் பார்த்தால் உறையைப் பிரிக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் அனுப்புநர் இடத்தில் இவங்க பெயரைப் போட்டேன். அமீர் ஜான் கடிதம் என்றால், மாப்பிள்ளையே எழுதுகிறாரே, எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பிரித்துப் பார்ப்பீர்கள். பிரித்தது பிரித்துவிட்டீர்கள், முடிவு வரைக்கும் படித்துவிடுங்கள்.

போன ஏப்ரலில் ஊருக்கு வந்தபோது நான் சொன்னது தப்பு. ஆமினாவை ஒரு வயதில் உங்களிடம் விட்டுவிட்டு வந்தவள் நான். இரண்டரை வருஷம் கழித்து வந்து நின்றால் பிள்ளைக்கு என்னை எப்படித் தெரியும்? அவள் உங்கள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இவுங்க எப்ப போவாங்க?"னு கேட்டாள். அம்மா என்றது உங்களை. என் பிள்ளையைத் திருடிக்கொண்டீர்கள் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். லீவில் மிச்சமிருந்த பதினொரு நாளும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆமினாவை இங்கே கூட்டிக்கொள்ள இவங்க சம்மதித்துவிட்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. இவங்க ரத்தினக் கல் கடைக்குக் காலையில் போனால் ராத்திரிதான் வருவார்கள். நானும் தையல் கம்பெனிக்குப் போகிறேன். பிள்ளையை வைத்துப் பூட்டிவிட்டா போகமுடியும்? எங்கள் கட்டடத்தின் கீழேயே சீனப் பிள்ளைகள் படிக்கிற பாலர் பள்ளி இருக்கிறது, சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வார்கள். அதில் இடம் கிடைத்தால் கூட்டிவா, கிடைக்காவிட்டால் எட்டு வயதாகும்வரை ஊரிலேயே இருக்கட்டும் என்று இவங்க சொல்லிவிட்டார்கள். ஆங்கிலப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும், கொண்டுபோய் விட ஆள் இல்லை.

பள்ளித் தலைமையாசிரியை ஜூலையில் பிள்ளைகளை நேரில் பார்ப்பாராம். படத்தைக் காட்டிப் பெயர் கேட்பாராம். ஒன்றும் தெரியாத பிள்ளையைச் சேர்க்கமாட்டாராம். நீங்கள் பால்வாடி டீச்சர், உங்களை விட்டால் நான் யாரிடம் போவேன்? பக்கத்து அறை லாம் வீட்டம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சீன வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். மீன் என்றால் யூ. கோழி, கை. பால், நாய். சோறு, ஃபான். மாடு, ஙௌ. கண், ஙான். புத்தகம், ஷூ. மரம், ஷூ. படகு, ஷூன். மழை, யூ. மீதி முப்பது வார்த்தை பின்பக்கத்தில் இருக்கிறது.

ஆமினாவுக்கு முத்தம். இப்படி எழுதினால் உங்களுக்குக் கோபம் வருமோ என்னவோ, எழுதிவிட்டேன்.

ஜைனம்பு


பழவேற்காடு
6 பிப்ரவரி 1980

ஜைனம்புக்கு,

உனக்கு என்னமோ ஏதோ என்று பதறித்தான் பிரித்தேன். நல்ல வேலை செய்தாய். சின்ன வயசிலும் நீ இப்படித்தான், நான் பேசாமலிருந்தால் வேறு யார் பெயரையாவது சொல்லிக் கதவைத் திறக்கவைப்பாய்.

என்னைத் திருடி என்றாய். இப்போது அதே திருடிக்குக் கடிதம் எழுதி, எடுத்த பொருளைத் துடைத்து மெருகேற்றித் திருப்பி அனுப்பு என்கிறாய். எப்படி மெருகேற்றுவது என்று பட்டியல் வேறு. உன் துணிச்சல் யாருக்கும் வராது.

ஒன்று தெரிந்துகொள். என்னை அம்மா என்று கூப்பிட அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பால்வாடியில் மற்ற பிள்ளைகள் அவரவர் தாயைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளாகவே ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை, என் குற்றம் அவ்வளவுதான். உன் மச்சான் மவுத்தாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு பிள்ளை வந்து அம்மா என்கிறபோது, நான் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சீன பாஷையாம். கோழிக்குக் கையாம், பாலுக்கு நாயாம். மரமும் ஷூ, புத்தகமும் ஷூ. மீனும் யூ, மழையும் யூ. நீ என்னைக் கிண்டல் செய்கிறாயா, இல்லை லாம் வீட்டம்மா உன்னைக் கிண்டல் செய்கிறாளா? இதெல்லாம் என்னால் ஆகாது. வேறு ஆளைப் பார்.

அது போகட்டும், கோழிக்குக் கை என்று எழுதியிருக்கிறாயே, நம்முடைய கையைப் போலவே சொல்லவேண்டுமா, இல்லை வெட்டிச் சொல்லவேண்டுமா? சும்மாதான் கேட்கிறேன்.

பரக்கத் பீவி


கௌலூன்
21 பிப்ரவரி 1980

அன்புள்ள அக்காவுக்கு,

'சும்மாதான் கேட்கிறேன்' என்கிற வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவங்க பயந்துபோய் ஊரில் யாருக்கு என்ன என்று கேட்டார்கள். அக்காவுக்குக் கோபம் பாதி குறைந்திருக்கிறது என்றேன்.

நம்முடைய கையைப் போலத்தான் சொல்லவேண்டும். கிண்டலெல்லாம் இல்லை. நானும் மூன்று வருஷமாக இந்த வார்த்தைகளோடு மாரடிக்கிறேன். வந்த புதிதில் பால் வாங்கப் போய், வார்த்தை தெரியாமல் மாடு மாதிரி கத்திக் காட்டினேன். கடைக்காரர் மாட்டுக்கறி கொடுத்துவிட்டார். கம்பெனியில் நாற்பது பேர் உட்கார்ந்து தைக்கிறோம். மதியம் சாப்பிடும்போது எல்லோரும் பேசிச் சிரிப்பார்கள், நான் அவர்கள் சிரிக்கும்போது சிரித்துவைப்பேன்.

அக்கா, அவள் உங்களை அம்மா என்கிறாளே, அதைத் திருத்துங்கள் என்று நான் கேட்கமாட்டேன். பெற்றவள் விட்டுப்போனபோது தூக்கிக்கொண்டவர் நீங்கள். அப்போது இவங்களுக்கு வேலை நிலைக்கவில்லை, கைப்பிள்ளையோடு எங்கே தங்குவது என்றே தெரியவில்லை, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் கூட இருந்தால் அவள் ஒருநாள் என்னையும் அம்மா என்பாள் இல்லையா? எட்டு வயதில் வந்தால் அந்த ஆசையும் போய்விடும். அதற்காகத்தான் இந்தப் பள்ளிக்கூடத்தை இப்படிப் பிடித்துத் தொங்குகிறேன். வேறு ஆளைப் பார் என்றீர்கள், எனக்கு வேறு ஆள் இல்லை.

ஜைனம்பு


பழவேற்காடு
2 ஏப்ரல் 1980

அன்புள்ள ஜைனம்புக்கு,

மாட்டுக்கறி சமாச்சாரத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சிரித்தேன். ஆகட்டும், ஆரம்பித்துவிட்டேன்.

டீச்சர் டிரெயினிங்கில் எங்களுக்கு ஒரு பலகை சொல்லிக்கொடுத்தார்கள். பலகையின் மேல் ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டவேண்டும். படங்களை வெட்டி அவற்றின் முதுகில் உப்புத்தாளை ஒட்டிவிட்டால், துணியில் வைத்ததும் படம் பிடித்துக்கொள்ளும், எடுத்தால் வந்துவிடும். பொன்னேரிக்குப் போய் வெள்ளை ஃபிளானல் வாங்கிவந்தேன். படகு பழுது பார்க்கிற தருமலிங்கத்திடம் ஒரு பலகையும் மிச்சமான உப்புத்தாள் துண்டுகளும் கேட்டேன். எதற்கு என்றார். சீன பாஷைக்கு என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆமினாவை மட்டும் உட்காரவைத்தால் பத்து நிமிஷத்தில் ஓடிவிடுகிறாள். அதனால் பால்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே நடத்துகிறேன். மேலதிகாரி வந்தால் என்ன சொல்வேனோ தெரியாது. படங்களைப் பாயில் பரப்பிவிடுவேன். நான் 'யூ' என்றால் ஒரு பிள்ளை எழுந்து வந்து மீனைத் தேடி எடுத்துப் பலகையில் ஒட்டவேண்டும். ஒட்டிய பிள்ளை அடுத்த வார்த்தையைச் சொல்லி இன்னொரு பிள்ளையைக் கூப்பிடவேண்டும். சரியாக ஒட்டினால் எல்லோரும் கைதட்டவேண்டும். தப்பாக ஒட்டினால் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்தச் சத்தமில்லாமையைத் தாங்கமுடியாமல் ஒட்டிய பிள்ளையே போய்ப் படத்தை மாற்றிவிடுகிறது.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். எழுத்து அட்டையில் எல்லா எழுத்துக்கும் படம் இருக்கும், ங-வுக்கு மட்டும் அதிலே ஆரம்பிக்கிற படம் இருக்காது. பதினைந்து வருஷமாக அந்த எழுத்து வந்ததும் நான் அவசரமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது ங-வுக்கு மாடு கிடைத்துவிட்டது, கண்ணும் கிடைத்துவிட்டது. அட்டையில் நானே வரைந்துவைத்துவிட்டேன். ஊரிலேயே என் பால்வாடியில்தான் ங-வுக்குப் படம் இருக்கிறது.

தினம் மீன் விற்கப் போகிற ராஜம்மா கூடையோடு வந்து வாசலில் நின்றாள். அவள் மகள் குணசுந்தரி என்னிடம்தான் படிக்கிறாள். "இன்னா டீச்சர், பாலு குடிக்கிறியானு கேட்டா நாய் குடிக்கிறேன்னுது. யாரு சொல்லிக்குடுத்தது?" என்றாள். நான்தான், அது சீன பாஷை என்றேன். அப்படியானால் மீனுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு போனாள். அன்று திருப்பாலைவனம் வரைக்கும் யூ, யூ என்று கூவி விற்றாளாம்.

மளிகைக்கடை மீரானிடம் டேப் ரிக்கார்டர் இருக்கிறது. ஆமினா அவரை மாமா என்று கூப்பிடுவாள் இல்லையா, அந்த உரிமையில் கேட்டேன். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சொன்னதை கேசட்டில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். உன் லாம் வீட்டம்மாவிடம் போட்டுக் காட்டு.

பரக்கத் அக்கா


கௌலூன்
27 ஏப்ரல் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

கேசட் வந்தது. ஆமினாவின் குரல் எது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இவங்க இரண்டாவது தடவைதான் கண்டுபிடித்தார்கள்.

லாம் வீட்டம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். அப்புறம், பிள்ளைகள் ரொம்ப நன்றாகப் பாடுகிறார்கள், இது எந்த மொழி என்று கேட்டார்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எல்லா வார்த்தையையும் வாய்ப்பாடு ராகத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். 'ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு' சொல்வதுபோலவே 'கை கோழி, யூ மீனு' என்று இழுத்துப் பாடுகிறார்கள். சீன வார்த்தைக்கு அதனதன் ராகம் கூடவே பிறந்திருக்கிறது, அதை மாற்றினால் வார்த்தையே மாறிவிடும். யூ என்பதைக் கீழே இறக்கிச் சொன்னால் மீன், கீழிருந்து மேலே ஏற்றிச் சொன்னால் மழை. ஷூ என்று உயரத்தில் நீட்டினால் புத்தகம், தாழ்வாக நீட்டினால் மரம். இதை முதலிலேயே எழுதாதது என் தப்பு. தமிழ் எழுத்தில் எழுதியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

இவங்க கேசட்டை உறையில் போட்டார்கள். "இது ஆவாது ஜைனம்பு. அங்க சந்தோசமா இருக்கிற புள்ளைய ஏன் இம்சை பண்றே?" என்று கேட்டார்கள். டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்ததையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் மேலே, கீழே, நேர் என்று கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டரை மாதம்தான் இருக்கிறது. முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள், நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

ஜைனம்பு


பழவேற்காடு
20 மே 1980

அன்புள்ள ஜைனம்புக்கு,

இருபத்திரண்டு பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தியதற்கு எந்த மொழி என்றா கேட்டாள் உன் லாம் வீட்டம்மா? இரண்டு நாள் நான் பலகையைத் திருப்பிச் சுவரோடு சாய்த்துவிட்டேன். மூன்றாம் நாள் ஆமினாவே அதை இழுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

கோடு போட்டு அனுப்பியிருந்தாய் இல்லையா, அதையே பலகையில் போட்டேன். வெள்ளைத் துணியின் அடியில் நீல நூலால் ஏரித் தண்ணீர், மேலே வானம். உயரத்தில் சொல்கிற வார்த்தையை மேலே ஒட்டவேண்டும், தாழ்வாகச் சொல்வதைத் தண்ணீருக்குள் ஒட்டவேண்டும். ஏறுகிற வார்த்தை என்றால் படத்தைக் கீழிருந்து மேலே நகர்த்திக்கொண்டே சொல்லவேண்டும், இறங்குவதற்கு மேலிருந்து கீழே. கை எப்படிப் போகிறதோ குரலும் அப்படியே போகிறது, நான் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கோழி மேலே ஏறி நின்றுகொண்டது. மீன் வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. மழை மட்டும் தண்ணீரிலிருந்து மேலே போகிறது என்று ஒரே சிரிப்பு. சிரித்ததாலேயே அந்த வார்த்தையை இனி யாரும் மறக்கமாட்டார்கள்.

வம்பு படகில் வந்தது. ஷூன் என்பது இறங்குகிற வார்த்தை என்று எழுதியிருந்தாய். அர்ஜுனன் என்கிற பையன் படகுப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தான், தண்ணீர்க் கோட்டுக்கு மேலேயே நிறுத்திவிட்டான். கீழே கொண்டுபோ என்றேன். மாட்டேன் என்றான். குணசுந்தரியைக் கூப்பிட்டேன், அவளும் மாட்டேன் என்றாள். படகு முழுகக்கூடாது டீச்சர் என்று அர்ஜுனன் அழுதேவிட்டான். அவன் அப்பா அப்போது ஏரியில் இருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கரையில் குடியிருக்கிற பிள்ளைகளைப் படகை மூழ்கடிக்கச் சொன்னேனே, நானெல்லாம் என்ன டீச்சர்.

அன்றைக்கே நூலைப் பிரித்தேன். வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் சரிவாக ஒரு மணல் கரை தைத்தேன். இப்போது படகைக் கரையிலிருந்து தண்ணீருக்குத் தள்ளிவிடுகிறோம். ஷூன் என்று சொல்லிக்கொண்டே சரிந்து வந்து தண்ணீரின் மேல் நின்றுவிடும். அர்ஜுனன்தான் முதலில் தள்ளினான். மாடும் அதே சரிவில் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போகிறது. வாய்ப்பாடு ராகத்தை மறக்கடிக்க எட்டு நாள் பிடித்தது. புது கேசட் இத்துடன் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் வெந்துபோவேன். ஆமினா சரியாகச் சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் முதலில் கைதட்டுகிறவள் நான்தான். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறேன். ஒரு வார்த்தை கற்றுக்கொண்டால் ஒரு அடி என்னைவிட்டுத் தள்ளிப்போகிறாள். மறுநாள் மறுபடியும் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குப் பைத்தியம்தான்.

பரக்கத் அக்கா


கௌலூன்
6 ஜூன் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

புது கேசட்டைக் கேட்டு லாம் வீட்டம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கினார். நாற்பதில் முப்பத்தாறு சரி என்றார். இவங்க அன்றைக்கே போய் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட் எல்லாம் தயார். நம்மூர் அப்துல் ஹையும் அவர் வீட்டம்மாவும் ஜூலை இரண்டாம் தேதி சென்னையிலிருந்து இங்கே திரும்புகிறார்கள், அவர்களோடு பிள்ளையை அனுப்பிவைக்கவேண்டும்.

நீங்கள் அடுப்படியில் அழுததைப் படித்துவிட்டு நான் பதில் எழுத நான்கு நாள் ஆயிற்று. என்ன எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, உங்களை நினைத்தால் அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தலைமையாசிரியை கட்டாயம் கேட்கிற, பழைய பட்டியலில் இல்லாத பத்து வார்த்தைகளை லாம் வீட்டம்மா விசாரித்துச் சொன்னார். பட்டியல் அடியில் இருக்கிறது. அவர் கேட்கிற முதல் கேள்வி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றேதானாம். கூட வந்திருக்கும் தாயைக் காட்டி, இது யார் என்பாராம். அதற்குப் பதில் சொல்லாத பிள்ளையிடம் மேற்கொண்டு கேட்கவேமாட்டாராம். தகப்பனாருக்கு பாபா. அம்மாவுக்கு மாமா, முதல் மா தாழ்வு, இரண்டாவது மா உயரம்.

இந்த ஒரு வார்த்தையை ஜனவரிப் பட்டியலில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதாமல் தீராது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஜைனம்பு


பழவேற்காடு
30 ஜூன் 1980
(அப்துல் ஹை கையில் கொடுத்தனுப்புவது)

அன்புள்ள ஜைனம்புக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பிள்ளையும் உன் கையில் இருப்பாள். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் ஜூன் மாதக் கடிதம் பதினேழாம் தேதியே வந்துவிட்டது. அந்தப் பத்து வார்த்தைகளை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. ஒன்பது நாளும் அந்தப் பானையிலிருந்துதான் அரிசி எடுத்துப் பிள்ளைக்குச் சோறு வடித்தேன். முதல் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் மேற்கொண்டு கேட்கமாட்டாராமே. அப்படியானால் பிள்ளை எனக்குத் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் தெரியாது, தபாலில் தொலைந்துவிட்டது என்றால் நீயும் நம்புவாய். நீ என்னைத் திருடி என்று கத்தியபோது நான் திருடியில்லை. இந்த ஒன்பது நாள் திருடியாகத்தான் இருந்தேன்.

பத்தாம் நாள் ஆமினா பாயில் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "புது வார்த்தை இன்னும் வரலியாம்மா?"னு கேட்டாள். எழுந்துபோய்ப் பானையை நகர்த்தினேன்.

நாலு நாளில் எவ்வளவு முடியும்? பத்தில் ஆறு வந்திருக்கிறது. உன் போட்டோவின் முதுகில் உப்புத்தாளை ஒட்டிப் பலகையில் வைத்து, மாமா என்று சொல்லிக்கொடுத்தேன். மாமான்னா மீரான் மாமாதானே என்றாள். இது வேறே, முதல் மா தண்ணியிலே, ரெண்டாவது மா வானத்திலே என்றேன். சொல்லிப் பார்த்தாள். உன் போட்டோவை நிறைய நேரம் பார்த்தாள். அங்கே போனதும் போட்டோவில் இருக்கிற இவங்களை அம்மா என்று கூப்பிடவேண்டும் என்று நான் சொன்னதற்கு மட்டும் ஒன்றும் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வாளா, வாயை மூடிக்கொள்வாளா, எனக்குத் தெரியாது. இடம் கிடைக்காமல் போனால் அது என்னால்தான். பிள்ளையைத் திட்டாதே.

மீன் முள்ளைக் கையால் எடுத்துக் கொடு, தானே எடுப்பேன் என்பாள், நம்பாதே. காய்ச்சல் வந்தால் பேசமாட்டாள், சும்மா படுத்துக்கொள்வாள். கோபம் வந்தால் அவளைத் தேடிப் போகாதே, தானாக வருவாள்.

பரக்கத் பீவி


கௌலூன்
22 ஜூலை 1980

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமினாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

பதினாலாம் தேதி கூப்பிட்டார்கள். ஐந்து பிள்ளைகளும் தாய்மார்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். தலைமையாசிரியை என்னைக் காட்டி, இது யார் என்றார். ஆமினா என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவர் இரண்டாவது தடவை கேட்டார். ஒன்றுமில்லை. அவர் காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். முடிந்துவிட்டது என்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அந்த அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. நம்முடையதைப் போலத் துணி இல்லை, இரும்பு. உப்புத்தாளுக்குப் பதில் படங்களின் முதுகில் காந்தம். ஆமினா என் கையை விட்டுவிட்டு நேராக அதனிடம் போனாள். யாரையும் கேட்கவில்லை. கோழியை எடுத்து உச்சியில் வைத்து 'கை' என்றாள். மீனைக் கீழே இழுத்து 'யூ' என்றாள், மழையை மேலே ஏற்றி 'யூ' என்றாள். படகைச் சரித்துத் தள்ளி 'ஷூன்' என்றாள். அப்புறம் திரும்பி, அந்தப் பையனைப் பார்த்துத் தமிழில் வா என்றாள். 'ஙௌ' என்று சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் நாய்ப் படத்தை எடுத்து ஒட்டினான். ஆமினா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், நாயை எடுத்துவிட்டு மாட்டை வைத்தான். அவள் கைதட்டினாள். அக்கா, அப்படியே நீங்கள்தான். தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பார்த்தார்.

கடைசியாகப் பிள்ளையை இடுப்பில் வைத்த ஒரு பெண்ணின் படம் மிச்சமிருந்தது. ஆமினா அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பலகையில் ஒட்டவில்லை. என்னிடம் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, 'மாமா' என்றாள். முதல் மா தாழ்வு, இரண்டாவது உயரம். அந்த அறையிலிருந்த எல்லாத் தாய்மார்களுக்கும் அது புரிந்தது.

ஒன்பது நாளை நீங்கள் எழுதியிருக்கவேண்டாம், ஆனாலும் எழுதினீர்கள். நான் மூன்றரை வருஷம் பிள்ளையை விட்டுவிட்டு இருந்தவள், உங்கள் ஒன்பது நாளுக்கு நான் என்ன சொல்வது?

இன்னொரு விஷயம். அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். இவங்க என்னை 'வாங்க மச்சான்' என்று கேலி செய்கிறார்கள். கீழே விளையாடும்போது சீனப் பிள்ளைகள் அவரவர் தாயை மாமா என்கிறார்கள், இவளும் என்னைப் பார்த்து அதையே சொல்கிறாள். இங்கே நானும் ஒரு தாய்தான். ஆனால் அப்துல் ஹை வீட்டம்மா வந்து, அம்மா எங்கே என்று கேட்டால், "அம்மா பழவேற்காட்டுல கீறாங்க" என்கிறாள். ஒருநாள் கேட்டுவிட்டேன், என்னை அம்மா என்று கூப்பிடேன் என்று. தப்பான படத்தை ஒட்டியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, "நீங்க மாமா. அம்மா வேற" என்றாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீங்கள் சொன்னால் கேட்பாள். அவளுக்கு டீச்சர் நீங்கள்தான். ஜைனம்புதான் அம்மா, நான் பெரியம்மா என்று இரண்டு வரி எழுதினால் படித்துக் காட்டுவேன். எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. எழுதினால் படித்துக் காட்டுவேன்.

உங்கள் தங்கை ஜைனம்பு


பழவேற்காடு
9 ஆகஸ்ட் 1980

அன்புள்ள தங்கை ஜைனம்புக்கு,

இடம் கிடைத்த செய்தியை பால்வாடியில் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ராஜம்மா ஒரு கூறு மடவை மீனை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் இப்போதும் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே அரிசி களைந்துவிடுகிறேன். எனக்கு ஆமினா வேண்டும்போல் இருக்கிறது, வேறென்ன எழுத.

நீ கேட்ட இரண்டு வரி நியாயமானது. பெற்றவள் நீ. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அதை எழுதத்தான் இன்று காலையில் உட்கார்ந்தேன். ஜைனம்புதான் உன் அம்மா என்று எழுதினேன், கிழித்தேன். உன் அம்மா உன்னோடு இருக்கிறார் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் பெரியம்மா என்று கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். அது யாரோ ஒருத்தியின் கையெழுத்தாக இருந்தது.

என்னால் முடியவில்லை. அவள் வளர்ந்து, தானாக யோசித்து, உன்னை அம்மா என்று கூப்பிடுகிற நாளில் கூப்பிடட்டும். அன்று எனக்கு எழுதவேண்டாம். பிள்ளையைத்தான் கொடுத்துவிட்டேனே, ஜைனம்பு. அந்த வார்த்தை என்னிடம் இருக்கட்டும்.

அக்கா
பரக்கத் பீவி